ஆறு குப்பி மருந்தோடு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

இந்தப் பயணத்தில் நடந்த அத்தனையையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். டொக்டர் குறித்த நாளுக்கு முன்னமே வலி வரும் என்றேன், வந்தது. கொம்பனித்தெருவில் மறிப்பார்கள் என்றேன், மறித்தார்கள். பெண்பிள்ளை என்றேன். தாயும் பிள்ளையும் தங்கள் காலாலேயே வீட்டுக்கு வருவார்கள் என்றேன். (பிறந்த பிள்ளை எப்படிக் காலால் வரும் என்று கேட்டு எழுத வேண்டாம். ஒரு பேச்சுக்குச் சொன்னது.) சாட்சிக்கு ஓட்டோ ஓட்டிய நஸீர் நானா இன்றைக்கும் வெள்ளவத்தையில் இருக்கிறார்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் வவுனியாவில் இருக்கும் ஒரு வாசகத் தங்கச்சி. குளிரில் வைக்க வேண்டிய மருந்தைக் கொழும்புக்குள் இடம் மாற்றுவது எப்படி, வழியில் என்ன கவனிக்க வேண்டும் என்று என் போன கட்டுரையின் கீழே கேட்டிருந்தா. சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறா. இந்த விஷயத்தில் இலங்கைத் தீவில் என்னை விட்டால் ஆள் இல்லை. அதுவும் நான் செய்தது போர்க்காலத்தில், சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த கொழும்பில், ஐப்பசி மழையில், கந்தசஷ்டியின் ஆறாம் நாளில்.

முதலில் மருந்து என்ன என்று சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுப் பிரிந்தது. அதன் பிறகு வருடக்கணக்கில் யாழ்ப்பாணம் கொழும்பு லொறி ஓட்டினேன். லொறி தெரிந்தவனுக்கு உடம்பும் தெரியும். இரண்டிலும் ஓடுவது ஒயிலும் தண்ணியும் காற்றும்தானே. நமக்குக் காயம் பட்டால் இரத்தம் உறைந்து வாயை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடியே முடிந்துபோவோம். ஆனால் அடைத்தது போதும் என்று நிறுத்தவும் ஒன்று வேண்டும். அந்த பிரேக்கின் பெயர் அன்டித்ரொம்பின். அது இரத்தத்தில் உள்ள ஒரு புரதம். என் அக்காவின் மகள் தர்ஷினிக்குப் பிறப்பிலேயே அது பாதிதான். அபூர்வமான குறை, வம்சத்தில் வருவது. பிரேக் பாதியாக இருந்தால் காயமே இல்லாத இடத்திலும் இரத்தம் கட்டியாகும். காலில் கட்டியாகி, அங்கிருந்து கழன்று நெஞ்சுக்குப் போனால் அவ்வளவுதான்.

அக்கா அப்படித்தான் போனா. தர்ஷினி பிறந்து பன்னிரண்டாம் நாள். ஒரு கால் வாழைத்தண்டு மாதிரி வீங்கியிருந்தது. நரம்புப் பிடிப்பு என்று எண்ணெய் பூசினார்கள், சூடு பிடித்தார்கள். காலையில் பிள்ளையைத் தூக்கக் கட்டிலை விட்டு எழும்பினா, மூச்சு எடுக்க முடியவில்லை என்றா, விழுந்தா. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காரணத்துக்குப் பெயர் கிடைத்தது தர்ஷினி கர்ப்பமாகி, மூன்றாம் மாதம் அவளுடைய காலும் அதே மாதிரி வீங்கியபோதுதான்.

கொட்டாஞ்சேனையில் அவளைப் பார்த்த இரத்த வைத்திய நிபுணர் ஒரு சிங்கள அம்மா, நல்ல கெட்டிக்காரி. பிள்ளை பிறக்கும்வரை ஹெப்பரின் என்ற ஊசியைப் போட்டுக்கொண்டு போகலாம், ஆனால் பிரசவ நேரத்தில் அதை நிறுத்த வேண்டும் என்றா. ஹெப்பரினும் தனியே வேலை செய்யாது, அந்தப் புரதத்தை வைத்துத்தான் வேலை செய்யும் என்றா. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஹெப்பரின் என்பது பிரேக்கை மிதிக்கிற கால். உள்ளே பிரேக் ஒயில் பாதியாக இருந்தால் எவ்வளவு மிதித்தும் லொறி முழுசாக நிற்காது. ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். அதாவது இல்லாத புரதத்தையே வெளியில் இருந்து ஏற்ற வேண்டும். நான் இதைச் சொன்னதும் டொக்டர் அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு, இனிமேல் மாணவர்களுக்கு இதையே சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றா. அல்லது அப்படி ஏதோ.

அந்த மருந்து அப்போது இங்கே எங்களுக்குக் கிடைக்கவில்லை. தர்ஷினியின் கணவன் சுதனுடைய தமையன் சுவிஸில் இருந்தான். அவன் அங்கே எடுத்து, வெள்ளவத்தைக்குக் கலியாணத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டான். ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி, ஐஸ்கிரீம் விற்கிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி. உள்ளே ஐஸ் பொதிகளுக்கு நடுவே ஆறு குப்பி, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தூள். கரைப்பதற்கான தண்ணீர் வேறு குப்பிகளில். பிள்ளையை எடுக்க டொக்டர் குறித்த அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. கொட்டாஞ்சேனை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கோ என்று சுதன் சொன்னான். என்னிடம் இருந்தால்தான் பாதுகாப்பு, நாளன்று நானே கொண்டுவருவேன் என்று பிடிவாதமாகச் சொன்னவன் நான்.

என்னிடம் என்றால் பத்மாக்காவின் பிரிஜில். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி வீட்டில், அவவின் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பத்மாக்கா முப்பது வருடம் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவ. சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சுத்த சைவம். கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் இரவில் பாலும் பழமும் மட்டும், அதோடு மௌனம். ஒரு சொல் வாயில் இருந்து வராது. எல்லாம் கைதட்டலில்தான் நடக்கும். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு என்றால் வேண்டாம். மூன்று தட்டினால் அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

பெட்டி வந்தது விரதத்தின் இரண்டாம் நாள். பிரிஜில் பாலையும் கதலிப்பழத்தையும் ஒதுக்கி இடம் பண்ணும்போது பத்மாக்கா வந்து நின்றா. புருவத்தைத் தூக்கினா. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, இது லேசுப்பட்ட சாமான் இல்லை," என்றேன். "ஆயிரக்கணக்கான சனத்தின்ர ரத்தத்தைச் சேர்த்து, வடிச்சு, அதுக்குள்ள இருந்து இந்தச் சத்தை மட்டும் பிரிச்செடுத்து, காயவைச்சுத் தூளாக்கி அடைச்சிருக்கிறாங்கள். மனுசற்ற ரத்தம், அக்கா! உங்கட பிரிஜில!"

அவ அசையவில்லை. நான் தொடர்ந்தேன். மேல் ஐஸ் தட்டில் வைக்கக் கூடாது, உறைந்தால் பழுதாகும். குலுக்கக் கூடாது. கதவை அடிக்கடி திறக்கக் கூடாது, குளிர் போய்விடும். தர்ஷினியின் கதை, அக்காவின் கதை, பிரேக் ஒயில், எல்லாம் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. பத்மாக்கா ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். மௌன விரதத்தில் இருப்பவர் எப்படி மறுத்துச் சொல்வார் என்று அந்த நேரம் எனக்கு ஓடவில்லை.

கதவைத் திறக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொன்னவன் தானே திறப்பானா? நான்கு நாளும் நான் அந்தப் பிரிஜைத் தொடவில்லை.

ஆறாம் நாள் காலை ஆறு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. சுதன்.

"மாமா, வலி துவங்கிட்டுது."

"நான் அப்பவே சொன்னனான்."

"மாமா, அதைப் பிறகு கதைப்பம். டொக்டர் இண்டைக்கே ஒப்பரேசன் எண்டிட்டா. ஊசியை நிப்பாட்டியாச்சு. ஒன்பதரைக்குள்ள மருந்து வேணுமாம். அது ஏறினாப் பிறகுதான் தியேட்டருக்குள்ள கொண்டு போவினம். மருந்து பத்திரமா இருக்குத்தானே?"

"குளுகுளு எண்டு இருக்கு," என்று சொல்லிக்கொண்டே பிரிஜைத் திறந்தேன். பால். கதலிப்பழம். ஒரு சீப்பில் பாதி. பெட்டியைக் காணவில்லை.

பத்மாக்காவையும் காணவில்லை. சூரன்போர் நாள், விடியவே கோயிலுக்குப் போயிருந்தா. சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஓடினேன். நடந்தால் பன்னிரண்டு நிமிடம், நான் நான்கில் போனேன். கோயில் வாசலில் ஒரு லட்சம் சனம் (சரி, ஐந்நூறு வைத்துக்கொள்ளுங்கள்). வாசலில் பொலிஸ் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். பெண்கள் பக்கம், மூன்றாம் வரிசையில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தா.

"அக்கா, பெட்டி எங்க? பிள்ளைக்கு வலி துவங்கிட்டுது! ஒன்பதரைக்குள்ள குடுக்க வேணும்!"

சுற்றி இருந்த பெண்கள் "ஸ்ஸ்" என்றார்கள். பத்மாக்கா கண்ணைத் திறந்தா. விரலால் கீழே காட்டினா. பிறகு சேலைத் தலைப்பை எடுத்துத் தலைக்கு மேல் முக்காடாகப் போட்டுக் காட்டினா. கீழ்வீட்டு பரீதா! நஸீர் நானாவின் மனைவி. விரத வீட்டுக்குள் இரத்தம் இருக்கக் கூடாது, மருந்தை எறியவும் கூடாது, ஆகவே மச்ச மாமிசம் சமைக்கும் கீழ்வீட்டில் கொடுத்திருக்கிறா. விளங்கிக்கொண்டு திரும்பி ஓடினேன்.

பரீதா கதவைத் திறந்ததும் நான் கேட்டது ஒரே கேள்வி. "ஐஸ் தட்டிலயோ வைச்சனீங்கள்?"

"இல்ல அண்ணன். அந்த அக்கா வாயே தொறக்கல்ல. பெட்டியக் கையில தந்து, பிரிஜக் காட்டி, மேல் தட்டக் காட்டி இப்பிடி இப்பிடிக் கைய ஆட்டினாங்க. பொறகு கதவ மெல்லமாச் சாத்திக் காட்டினாங்க. நான் கீழ் தட்டுல வெச்சீக்கேன். எங்கட ஊட்டுல ஒத்தரும் தொடல்ல."

பெட்டி மாட்டிறைச்சிப் பொதி ஒன்றுக்குப் பக்கத்தில் சௌக்கியமாக இருந்தது. பரீதா புது ஐஸ் வைத்து, ஈரம் படாமல் குப்பிகளைத் துணியால் சுற்றித் தந்தா. உள்ளே இருந்து நஸீர் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எனத்தியன் அண்ணே, இந்த ஓட்டம்? ஏறுங்க. கொட்டாஞ்சேனைக்கு நான் கூட்டிப் போறேன்."

"எவ்வளவு நானா?"

"நானூத்தம்பது எடுப்பேன். இன்டைக்கு பெற்றோல் காசத் தாங்க, போதும். புள்ள கெடச்சா வட்டலப்பம் வாங்கித் தாங்க."

ஏழரைக்குப் புறப்பட்டோம். வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனை நேர்ப்பாதையில் பத்துக் கிலோமீற்றர் சொச்சம். இன்று போகிறவர்கள் காலி வீதியால் நேரே காலிமுகத் திடலுக்குப் போய், கோட்டை, புறக்கோட்டை என்று போகலாம். அன்று அந்தப் பக்கம் பாதுகாப்பு வலயம், ஓட்டோ விட மாட்டார்கள். நாங்கள் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி போய், அங்கே உள்ளுக்குத் திரும்பி, கொம்பனித்தெரு, மருதானை, புறக்கோட்டை என்று சுற்றினோம். பதின்மூன்று கிலோமீற்றர். பெட்டி மடியில். அதன் அடியால் ஐஸ் தண்ணீர் கசிந்து உடுப்பெல்லாம் நனைந்தது. வெளியே மழை, உள்ளே ஐஸ், ஓட்டோ வள்ளம் மாதிரிப் போனது.

பம்பலப்பிட்டியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். கொம்பனித்தெருவில், நான் சொன்ன மாதிரியே, கையைக் காட்டி ஓரம் கட்டச் சொன்னார்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு ஆமிப் பெடியன். அட்டையைப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம். முகத்தைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

"மொனவாத மே?" இது என்ன?

"பெஹெத்," என்றார் நஸீர் நானா. மருந்து.

திறக்கச் சொன்னான். ஐஸ், துணி, குப்பிகள். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே வெள்ளைத் தூள். அந்தக் காலத்தில் ஒரு யாழ்ப்பாணத் தமிழனோடு வந்த பெட்டியில் வெள்ளைத் தூள் இருந்தால் அது எங்கே போய் முடியும் என்று நான் விளக்கத் தேவையில்லை. இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். மருந்துக்கென்று டொக்டர் அம்மா முன்பே தந்திருந்த கடிதத்தை நீட்டினோம். அது ஆங்கிலம். அந்தப் பாஷையில் அவனுக்கும் எனக்கும் ஒரே அளவு பழக்கம்.

மணி எட்டு இருபது. பெடியன் குப்பியின் உலோக மூடியில் நகத்தை வைத்தான். திறந்து பார்க்க வேண்டுமாம். திறந்தால் அந்தக் குப்பி போச்சு. காற்றுப் பட்ட மருந்தை எந்த டொக்டரும் நரம்பில் ஏற்ற மாட்டார். ஆறில் மூன்று முதல் தடவைக்கு, மற்ற மூன்று அடுத்த நாட்களுக்கு என்று கணக்குப் பார்த்து வந்தவை. ஒன்றைத் திறந்தவன் ஆறையும் திறப்பான். எனக்கு அக்கா கட்டிலை விட்டு எழும்பியது கண்ணுக்குள் வந்தது.

அங்கேதான் என் சிங்களம் வெளியே வந்தது. வானொலியில் செய்தி வாசிக்கிறவன் தோற்றான். அப்போது சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"புத்தே, மகனே, திற. எனக்குப் பயமில்லை. ஆனால் நீ திறந்தால் இது குப்பைக்குத்தான். அங்கே ஆஸ்பத்திரியில வலியோட கிடக்கிறது மகே துவ. என்ர மகள். இவளைப் பெத்தவவுக்கும் இதே ரத்த வருத்தம்தான். சந்தேகம் எண்டால் நீயும் ஏறு. துவக்கோட ஏறு. டொக்டர் இதைத் திறக்கேக்க பக்கத்தில நிண்டு பார். பொய் எண்டால் அங்கயே பிடி."

(என்ர மகள், பெத்தவவுக்கும் இதே வருத்தம் என்று ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று பார்க்கிறீர்களா? அவனும் பார்த்தான். அவசரத்தில் வந்தது.)

பெடியன் தன் மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தான். மேலதிகாரி மழைக்குக் கூரையின் கீழே நின்று, ஓட்டோவுக்குள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பெடியன் குப்பியைத் துணியில் சுற்றி, முட்டையை வைக்கிற மாதிரி உள்ளே வைத்து, மூடியை அழுத்தினான்.

"யன்ன, மஹத்தயா," என்றான். போங்கோ ஐயா.

சல்யூட் அடித்தானா என்று கேட்டால், கை கொஞ்சம் மேலே போனது.

அதன் பிறகு நஸீர் நானா ஓட்டியது ஓட்டோ இல்லை, விமானம். மருதானைப் பாலத்தில் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் எங்களுக்கு ஒரு அங்குலம்தான் மிச்சம். புறக்கோட்டையில் வெங்காய மூட்டையோடு கைவண்டி தள்ளிக்கொண்டு வந்த நாட்டாமி ஒருவர் குறுக்கே நின்று ஏசினார். நஸீர் நானா தலையை வெளியே போட்டார்.

"அண்ணே, புள்ளப்பேறு! மருந்து கொண்டு போறோம்!"

"அத முதல்ல சொல்லுறதுக்கென்ன!" என்று அவர் வண்டியை இழுத்து, தனக்குப் பின்னால் வந்த நான்கு வண்டியையும் நிறுத்தி வைத்தார். ஐந்துலாம்புச் சந்தி தாண்டி, ஒன்பது ஐந்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். இருபத்தைந்து நிமிடம் கையிருப்பு.

டொக்டர் அம்மா முதலில் ஐஸைத் தொட்டுப் பார்த்தா, பிறகு ஒவ்வொரு குப்பியையும் தூக்கிப் பார்த்தா. "உறையவில்லை. நல்லது," என்றா. ஒரு தாதி துடைக்கத் துவாய் கொண்டுவந்து தந்தா, அவ்வளவு நனைந்திருந்தது. தூளுக்குள் தண்ணீரை விட்டு, குலுக்காமல், குப்பியைக் கைக்குள் மெல்லச் சுழற்றினார்கள். குலுக்கினால் நுரைத்துவிடும். நானும் கதவடியில் நின்று குலுக்க வேண்டாம், குலுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள். வெள்ளைத் தூள் கரைந்து தண்ணீர் தெளிந்தது என்று சுதன் வந்து சொன்னான். பெயர் தெரியாத சனத்தின் உடம்பில் இருந்து வந்த பிரேக் ஒயில் என் மருமகளின் நரம்பில் மெல்ல மெல்ல ஏறியது.

பதினொன்று நாற்பதுக்குப் பிள்ளை அழுதது. அந்தச் சத்தம் ஐந்துலாம்புச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும். பெண்பிள்ளை. நான் அப்போதே சொன்னேன் என்று சுதனைப் பார்த்துச் சொன்னேன். அவன் என்னைக் கட்டிப் பிடித்து அழுததில் அடுத்த வசனத்தைச் சொல்ல முடியவில்லை.

ஆனால் எனக்குப் பயணம் அங்கே முடியவில்லை. பன்னிரண்டாம் நாளில்தான் முடிந்தது. மற்ற மூன்று குப்பியும் அடுத்தடுத்த நாட்களில் ஏற்றி, ஹெப்பரினைத் திரும்பத் தொடங்கி, தர்ஷினியை வீட்டுக்கு விட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் விடிய நான் சுதனின் கொட்டாஞ்சேனை வீட்டில் போய் உட்கார்ந்தேன். பிள்ளையைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். பார்த்தது முழுக்கத் தாயின் இரண்டு காலையும்தான். பத்து மணிபோலப் பிள்ளை அழுதது. தர்ஷினி கட்டிலை விட்டு எழும்பினாள். அவள் நடந்து போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"மாமா, காலையில இருந்து என்ர காலையே பாத்துக்கொண்டிருக்கிறியள். கால் நல்லா இருக்கு. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊத்துங்கோ. எனக்குச் சீனி கூட."

என் வாழ்க்கையில் நான் ஊற்றிய சிறந்த தேத்தண்ணி அதுதான். சீனிக்குப் பதில் உப்புப் போட்டுவிட்டேன் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை.

வம்சக் குறை என்றபடியால் பிறகு என்னுடைய இரத்தத்தையும் பார்த்தார்கள். எனக்கும் பாதிதான்! அபூர்வமான இரத்தம். நான் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று சின்ன வயதில் இருந்தே எனக்குத் தெரியும், இப்போது ஆய்வுகூடமும் சொல்லிவிட்டது. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியபின் பார்த்தார்கள். அவளுக்கு முழுசாக இருக்கிறது. என் பக்கம் சாயவில்லை என்று கொஞ்சம் கவலைதான். இப்போது உயர்தரம் படிக்கிறாள், உயிரியல். என்னைத்தான் கேட்டு எழுதுகிறாள் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்.

இனி வவுனியாத் தங்கச்சிக்கு. சாவடிகள் இப்போது இல்லை, நெரிசல்தான் எதிரி, ஆகவே விடிய ஆறு மணிக்கு முன்னம் வெளிக்கிடுங்கள். ரெஜிபோம் பெட்டியும் ஐஸ் பொதியும் போதும், ஆனால் ஐஸ் குப்பியில் நேரே தொடக் கூடாது, நடுவே துணி வேண்டும். எத்தனை பாகை குளிர், எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதை என்னிடம் கேட்காமல் உங்கள் டொக்டரிடமே கேளுங்கள். (இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.) டொக்டரின் கடிதம் மூன்று மொழியிலும் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாராவது பிள்ளை பெற்ற கையோடு கால் வீங்கி, மூச்சு முட்டிப் போயிருந்தால், பெண்பிள்ளைகள் கர்ப்பமாகும் முன்னமே போய் அதைச் சொல்லிப் பரிசோதியுங்கள். அடுத்தவர் பிரிஜில் வைத்தால் ஒவ்வொரு நாளும் பாருங்கள். மௌன விரதக்காரரிடம் சம்மதம் கேட்டால் எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, போன ஞாயிறு பத்மாக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இப்போது கனடாவில் மகனோடு இருக்கிறா. முடிந்ததும் இருமினா.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. அந்த ஓட்டோவில நான் எங்க?"

"நீங்கதானேயக்கா, ஓட்டோவில நான் வந்தது வெளியில தெரியக்கூடாது எண்டனீங்கள்."

"அது அப்ப. விரதத்தில ரத்தப் பெட்டியைத் தூக்கி மடியில வைச்சவள் எண்டு சனம் கதைக்கும் எண்டு பயந்தனான். முருகனுக்கு அண்டைக்கே தெரியும். இனிச் சனத்துக்கும் தெரிஞ்சால் என்ன? எழுதும்."

ஆகவே எழுதுகிறேன். நான் முன்கூட்டியே சொன்னது உண்மை, நஸீர் நானா உண்மை, உப்புத் தேத்தண்ணி பொய். ஆனால் ஒன்றை மட்டும் நானாக மாற்றினேன். கோயிலில் முக்காட்டைப் போட்டுக் காட்டியவ திரும்ப உட்காரவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தா. பெட்டி இருந்தது என் மடியில் அல்ல, பத்மாக்காவின் மடியில். நனைந்தது அவவின் விரதச் சேலை. துவாய் வந்ததும் அவவுக்குத்தான். கொம்பனித்தெருவில் அந்தப் பெடியன் மூடியில் நகத்தை வைத்தபோது என் சிங்களம் முழுக்க எங்கேயோ போய்விட்டது, தமிழும் கூடப் போய்விட்டது. ஆறு நாள் பேசாத தொண்டையில் இருந்து கரகரத்த ஒரு குரல் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்தது. புத்தே, திற. அவ தர்ஷினியை அதற்கு முன் ஒரு நாளும் கண்டதில்லை. மகே துவ என்றா.

அன்று மாலை சூரன் விழுந்ததை அவ பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனை ஆஸ்பத்திரி வாங்கில் ஈரம் காயாத சேலையோடு உட்கார்ந்திருந்தா, தர்ஷினி கிடந்த அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு, திரும்பவும் ஒரு சொல் பேசாமல்.

மேலே கொம்பனித்தெருப் பகுதியில் ஒரு சொல்லை மட்டும் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெடியன் என்னை மஹத்தயா என்று கூப்பிடவில்லை. என்னை அவன் பார்க்கவே இல்லை. பெட்டியை மூடி, இரண்டு கையாலும் அவவின் மடியில் வைத்துவிட்டு, "யன்ன, அம்மே," என்றான்.